ஒருவழியாக நேராக எரிந்த பார்த்தகாஸ்

நேற்று இரவு மொட்டைமாடியில் பார்த்தகாஸ் சீரி டி நம்பர் 4 என்ற கியூபச் சுருட்டு ஒன்றைப் பற்றவைத்தேன். முக்கால் மணி நேரம். லைட்டரை மறுபடி கையில் எடுக்கவே இல்லை. சாம்பல் கட்டைவிரல் நீளத்துக்கு உடையாமல் நின்றது. இதே பெட்டியில் முதலில் எடுத்த நான்கும் ஒரு பக்கமாகவே எரிந்து, படகு மாதிரி குழிந்து, பாதியில் அணைந்தவை. காரணம் பிடிபட ஐந்து மாதம் ஆனது.

கியூபாவில் உருட்டியது சரியில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உருட்டியவர்கள் மேல் தப்பே இல்லை, ஈரப்பதம் காட்டும் என் ஹைக்ரோமீட்டர்தான் தவறு. பெட்டிக்குள் ஈரப்பதத்தை 69 சதவீதத்தில் நிறுத்தும் போவெடா பை இருந்தும் அது 63 என்றே காட்டியது. காய்கிறதே என்று பதறி, நனைத்த ஸ்பாஞ்சையும் உள்ளே வைத்தேன். மீட்டர் 69 காட்டியதும் நிம்மதியாகிவிட்டேன். சுருட்டின் நுனி லேசாக விரிந்திருந்ததையும், புகை இழுக்கச் சிரமமாக இருந்ததையும் அப்போதே கவனித்திருக்க வேண்டும். ஈரம் குடித்து உள்ளிலை உப்பியிருந்தது.

மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கும் உப்புச் சோதனையை யாரும் தள்ளிப்போடாதீர்கள். தண்ணீர் பாட்டில் மூடியில் உப்பை நிரப்பி, சொட்டுச் சொட்டாக நீர் விட்டு, ஈரமணல் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். இந்தப் பதத்தில்தான் நான் இரண்டு முறை கோட்டைவிட்டேன். நீர் கூடி உப்பு முழுதும் கரைந்துவிட்டால் சோதனை வீண். மூடியையும் மீட்டரையும் ஒரே ஜிப் கவரில் அடைத்து, ஒரு நாள் முழுக்கத் தொடக்கூடாது. 75 காட்ட வேண்டும். என்னுடையது 69 காட்டியது. ஆறு குறைவு! அப்படியென்றால் நான் 69 என்று நம்பியிருந்தது உண்மையில் 75. விற்ற கடையில் கேட்டால், "எல்லாம் அப்படித்தான் சார் இருக்கும்" என்றார்கள். இரண்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு சொல்லும் பதிலா இது?

இப்போது ஸ்பாஞ்ச் போய்விட்டது. காற்றுப் புகாத டப்பா, அடியில் சீடர் பலகை, 65 சதவீதப் பை இரண்டு. சென்னை வெக்கைக்கு 65 போதும், அதிலும் கியூபச் சுருட்டுக்கு அதற்கு மேல் வேண்டவே வேண்டாம். பிடிக்க நினைக்கும் சுருட்டை இரண்டு நாள் முன்பே எடுத்து, ஏசி அறையில், வெறும் சீடர் பெட்டியில் வைத்துவிடுகிறேன். நேற்றையது அப்படி வைத்ததுதான். முதல் அங்குலத்தில் மிளகுக் காரம், நடுவில் வறுத்த காபிக்கொட்டை, கடைசியில் ஈரமண் வாசனை.

எதை வாங்கலாம் என்று கேட்டவர்களுக்கு: பார்த்தகாஸ் காரமாகத் தோன்றினால் ஆர்த்துரோ ஃபுவென்தேயின் ஹெமிங்வே ஷார்ட் ஸ்டோரியில் தொடங்குங்கள். நாலே அங்குலம், இரு முனையும் ஒடுங்கி நடுவில் பருத்த வடிவம், கேமரூன் மேலிலையின் இனிப்பு. நேரம் இல்லாத நாளுக்கு இதைவிட நல்லது நான் பிடித்ததில்லை. அடுத்தது ஒலிவா சீரி வி மெலானியோ. உள்ளே நிகரகுவா இலை, மேலே ஈக்வடாரில் விளைந்த சுமத்ரா இலை. காசு இருந்தால் பத்ரோன் 1964 ஆனிவர்சரி. நிறுவனம் 1964இல் தொடங்கியது, இந்த வரிசை 1994இல் வந்தது. நான்கு ஆண்டு பழுத்த நிகரகுவா இலை. வெளிர் மேலிலை கொண்ட நேச்சுரல், கருத்த மேலிலை கொண்ட மதூரோ இரண்டில் என் ஓட்டு மதூரோவுக்கு, கோகோ வாசனைக்காகவே. ஒவ்வொன்றிலும் எண் அச்சிட்ட பட்டை இருக்கும், அது இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

வாரம் ஒன்றுக்கு மேல் நான் தொடுவதில்லை. புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்க்கும் தொண்டைக்கும் கேடுதான்.

மூன்று பத்ரோன் இப்போது இரட்டைக் கவரில் ஃப்ரீசருக்குள் இருக்கின்றன. இந்த வெப்பத்தில் புகையிலை வண்டின் முட்டை பொரிந்தால் டப்பா மொத்தமும் போய்விடும். மூன்று நாள் ஃப்ரீசர், ஒரு நாள் ஃப்ரிட்ஜ், அப்புறம்தான் வெளியே. பார்த்தகாஸில் மிச்சமிருப்பதில் ஐந்தை ஒரு வருடம் தொடாமல் வைக்க எண்ணம்.

அடுத்த மாதம் திருச்சி போகிறேன். நம் 'சுருட்டு' என்ற சொல்தான் ஆங்கிலத்தில் செரூட் ஆனது. அந்த உறையூர்ச் சுருட்டில் ஒரு கட்டு வாங்கி வர வேண்டும். அதற்குத் தனி டப்பா, ஈரப்பை இல்லாமல். மீட்டரும் புதிதாக ஒன்று வேண்டும். வந்ததும் முதல் வேலை உப்பு மூடிதான்.