கருத்தரங்கில் ஒரு மேசை

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் கடலோர வரைபட வேலை பார்க்கிறேன். தீவுகள், பவளப்பாறைகள், கடல்பாசித் தெப்பங்கள் என்று எதை வரைந்தாலும் கியூஜிஐஎஸ்தான். கணினியில் வரைபடம் வரைய 2002-இல் கேரி ஷெர்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள்; யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம், பகிரலாம். இன்று பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். அதை நாலு பேருக்குக் கொண்டுசேர்க்கத்தான் கருத்தரங்குகளுக்குப் போகிறேன்.

மென்பொருள்காரர்கள் கூடும் மாநாடுகள் எனக்குப் பிடிக்கும். 2023-இல் கொச்சியில், லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனுக்கு மாநாடு நடந்ததே, அந்த மாதிரி இடங்களில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. ஆனால் அங்கே வருகிறவர்கள் ஏற்கெனவே லினக்ஸில் ஊறியவர்கள். புது ஆட்கள் வேண்டுமென்றால் மீன்வளக் கருத்தரங்குக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் பாசி வளர்க்கும் மகளிர் குழுக் கூட்டத்துக்கும் நாம்தான் போக வேண்டும். மேடையில் பத்து நிமிடம் கேட்பதைவிட, சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே ஒரு மேசையும் ஒரு பிளக் பாயிண்டும் கேட்டு வாங்குவது மேல்.

அப்படி ஒரு மேசைக்கு வந்த மாணவர், பாசித் தெப்பங்களின் ஜிபிஎஸ் புள்ளிகளை எக்செல்லில் வைத்திருந்தார். அதை சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாக்கி கியூஜிஐஎஸ்ஸில் ஏற்றினோம். மண்டபத்தில் ஒரு புள்ளியைக்கூடக் காணோம். வரைபடத்தைச் சுருக்கிப் பார்த்தால், எல்லாம் வட துருவப் பக்கம் ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிக் கடலில் கிடக்கின்றன! மண்டபம் இருப்பது 9 பாகை அட்சரேகையில், 79 பாகை தீர்க்கரேகையில். எக்ஸ் என்ற கட்டத்தில் தீர்க்கரேகை வர வேண்டும். இவர் அட்சரேகையைக் கொடுத்திருந்தார். மாற்றிக் கொடுத்ததும் பாக் விரிகுடாக் கரையோரம் வரிசையாக வந்து நின்றன.

“அண்ணே, காலேஜ் முடிஞ்சதும் இது லாக் ஆயிருமா?” என்று கேட்டார். கல்லூரி உரிமம் முடிந்தபின் தன் ஆய்வுக் கோப்பையே திறக்க முடியாமல் தவிக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். “ஆகாது தம்பி, எத்தனை வருஷமானாலும் திறக்கும்” என்றேன். நிறுவும் கோப்பு ஒரு ஜிபி அளவுக்கு வரும், அரங்கத்து வைஃபை தாங்காது. அதனால் பென்டிரைவ் இல்லாமல் நான் கிளம்புவதில்லை.

அப்புறம், போன் நம்பர் கொடுத்துவிட்டு வர வேண்டும். கூப்பிட்டால் எடுக்கவும் வேண்டும். முதல் வாரச் சிக்கலுக்குக் கைகொடுக்க ஆள் இல்லையென்றால் பழைய திருட்டு நகலுக்கே திரும்பிவிடுவார்கள். நம் உழைப்பில் பாதி கூட்டம் கலைந்த பிறகுதான்.

ஒரு கூட்டத்தில் விசைப்படகுக்காரர் ஒருவர் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, “நான் ஏத்துற பாரு வேற யாருக்கும் போயிராதுல்ல தம்பி?” என்று கேட்டார். மீன் படும் பார், அதாவது கடலடிப் பாறை, எங்கே இருக்கிறது என்று இந்தக் கரையில் யாரும் லேசில் சொல்ல மாட்டார்கள். நெட்டைத் துண்டித்துவிட்டு, அவருடைய ஜிபிஎஸ் புள்ளிகள் இருந்த ஜிபிஎக்ஸ் கோப்பை அவர் கையாலேயே திறக்க வைத்தேன். கணக்குத் தொடங்கச் சொல்லவில்லை, மின்னஞ்சல் கேட்கவில்லை. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “அந்தப் பென்டிரைவ இங்கிட்டுக் குடுங்க” என்றார்.