டெபியனைப் போட்டபின் 90 விநாடி நிறுத்திவைத்த பூட்: ஸ்வாப், ரெஸ்யூம், பிறகு நெட்வொர்க்

டெபியன் 12 என்ற லினக்ஸின் நிறுவல் வழக்கம்போல் முடிந்தது. அதே டிஸ்க்கின் அடுத்த பார்ட்டிஷனில் இன்னொரு டிஸ்ட்ரோவை, அதாவது வேறொரு லினக்ஸ் வகையை, போட்ட பிறகுதான் வம்பு. டெபியன் பூட் ஆகும்போது ஏதோ ஒரு யூயூஐடியை (ஃபார்மேட் செய்யும்போது பார்ட்டிஷனுக்குக் கிடைக்கும் அடையாள எண்) சொல்லி ‘ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்’ என்று 1 நிமிடம் 30 விநாடி ஓடும். பிறகு சிவப்பில் ‘டைம்’, மஞ்சளில் ‘டிபெண்ட்’ என்று இரண்டு மூன்று வரி. அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் லாகின் திரை வந்துவிடும்.

இந்த வரிகள் கண்ணில் படுவதே அரிது. ஸ்ப்ளாஷ் படம் மறைத்துவிடும். பூட்டைத் தொடங்கிவைக்கும் க்ரப் மெனுவில் ‘இ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியில் ‘கொயட்’, ‘ஸ்ப்ளாஷ்’ இரண்டையும் அழித்துவிட்டு எஃப்10 அழுத்தினால் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் எல்லாச் செய்தியும் தெரியும்.

அடுத்து எல்லோரும் சொல்வது ‘சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு’: தவறிய யூனிட்களை, அதாவது சர்வீஸ், மவுண்ட், ஸ்வாப் போன்றவற்றை, பட்டியலிடும் கட்டளை. அது பூஜ்யம் யூனிட் என்று காட்டியது! இங்கேதான் பலர் குழம்பி, மெஷின் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். காரணம் எளிது: ஸ்வாப் பார்ட்டிஷன் (ரேம் நிரம்பினால் உதவும் டிஸ்க் இடம்) என்ற டிவைஸ் வரவில்லை என்பதால் காத்திருந்த வேலைதான் காலாவதியானது. ஸ்வாப் யூனிட் தொடங்கவே இல்லை; தொடங்காத யூனிட் ‘ஃபெயில்டு’ நிலைக்குப் போகாது, ‘இன்ஆக்டிவ்’ என்றே நிற்கும். பார்க்கவேண்டியது பூட் பதிவின் எச்சரிக்கைகளைக் காட்டும் ‘ஜர்னல்சிடிஎல் --பூட் --ப்ரையாரிட்டி=வார்னிங்’. அதையும் மேலிருந்து கீழாகப் படிக்கவேண்டும். ஒரு டிவைஸ் வராததால் கீழே நாலு யூனிட் விழுந்திருக்கும். முதலில் விழுந்ததைப் பிடித்தால் போதும்.

இணையத்தில் தேடினால் அந்த யூனிட்டை ‘மாஸ்க்’ செய்யச் (தொடங்கவே விடாமல் முடக்கச்) சொல்லும் ஆலோசனைதான் முதலில் வந்து விழுகிறது. செய்யாதீர்கள். காத்திருப்பு போகும், ஸ்வாப்பும் கூடவே போகும். ‘ஃப்ரீ’ கட்டளையில் ஸ்வாப் வரி 0 என்று நிற்பதை யாரும் கவனிப்பதில்லை, ரேம் நிரம்பிப் பிரவுசர் செத்து விழும் வரை.

நடந்தது இதுதான். இரண்டாவது டிஸ்ட்ரோவின் இன்ஸ்டாலர், ஏற்கெனவே இருந்த ஸ்வாப் பார்ட்டிஷனைத் தனக்கும் எடுத்துக்கொண்டு மறுபடி ஃபார்மேட் செய்துவிட்டது. ‘எம்கேஸ்வாப்’ ஓடினால் புது யூயூஐடி. பூட்டின்போது எந்தெந்தப் பார்ட்டிஷனை இணைக்கவேண்டும் என்று சொல்லும் டெபியனின் எஃப்எஸ்டேப் கோப்பிலோ பழைய எண். ‘எல்எஸ்பிஎல்கே --எஃப்எஸ்’ காட்டும் எண்ணையும் எஃப்எஸ்டேப்பில் உள்ளதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ‘ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை’ அந்த வேலையைத் தானே செய்து, எந்த வரியின் பார்ட்டிஷன் கிடைக்கவில்லை என்று சொல்லும். இவ்வளவு உதவியான கட்டளையை ஏன் யாரும் சொல்வதில்லை என்று தெரியவில்லை.

எண்ணை மாற்றி, ‘சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்’, பிறகு ‘ஸ்வாப்ஆன் --ஆல்’. பூட் செய்யாமலேயே சரிபார்த்துவிடலாம். இன்னும் டிஸ்ட்ரோ மாற்றும் பழக்கம் இருந்தால் யூயூஐடிக்குப் பதில் பார்ட்யூயூஐடி எழுதுங்கள். அது டிஸ்க்கின் பார்ட்டிஷன் பட்டியலான ஜிபிடி அட்டவணையில் இருப்பது. ஃபார்மேட் செய்தாலும் மாறாது.

இதோடு முடிந்தது என்று ரீபூட் செய்தால், இப்போது வேறொரு இடத்தில் அரை நிமிடம் நின்றது: சஸ்பெண்ட்/ரெஸ்யூம் டிவைஸுக்காக (ஹைபர்னேட் செய்யும்போது, அதாவது நிலையைச் சேமித்து அணைக்கும்போது, அந்த நிலை போய்ச் சேரும் ஸ்வாப்) காத்திருந்து கைவிட்டதாகச் செய்தி. பழைய எண் இன்னொரு இடத்திலும் ஒளிந்திருக்கிறது. இடிசி அடைவுக்குள் ‘இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்’, அதற்குள் ‘கான்ஃப்.டி’, அதில் ‘ரெஸ்யூம்’ என்று ஒரு சின்னக் கோப்பு. அங்கேயும் புது எண்ணைப் போட்டு ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ’ கொடுக்கவேண்டும். இந்தக் கடைசிக் கட்டளை இல்லாமல் கோப்பை மட்டும் மாற்றினால் பயனே இல்லை. பூட்டின்போது படிக்கப்படுவது ஏற்கெனவே கட்டிவைத்த இனிட்ராம்எஃப்எஸ் இமேஜ் (பூட்டின் தொடக்கத்துக்குத் தேவையான கோப்புகளின் தொகுப்பு). ஹைபர்னேட் தேவையில்லை என்றால் ‘ரெஸ்யூம்=நன்’ என்று எழுதிவிடலாம். ஒரே ஸ்வாப்பை இரண்டு டிஸ்ட்ரோ பங்குபோட்டால் அதுதான் நல்லதும்கூட. ஒன்றை ஹைபர்னேட் செய்துவிட்டு மற்றதைத் திறந்தால் சேமித்த நிலை அழிந்துபோகும்.

ஸ்வாப் போனால் தாமதம் மட்டும். அதே இன்ஸ்டாலர், க்ரப் போன்ற பூட்லோடர்கள் இருக்கும் இஎஸ்பி பார்ட்டிஷனையும் ஃபார்மேட் செய்திருந்தால் டெபியன் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். அந்தப் பார்ட்டிஷன் ‘பூட்/இஎஃப்ஐ’ என்று எஃப்எஸ்டேப்பில் இருக்கிறது. ‘நோஃபெயில்’ (தவறினாலும் பூட் தொடரட்டும் என்பது) போடாத எந்த மவுண்ட் தவறினாலும் இதே கதிதான். நிறுவும்போது ரூட் கடவுச்சொல்லைக் காலியாக விட்டிருந்தால் இன்னும் மோசம்: ரூட் கணக்கு பூட்டியிருக்கிறது என்று சொல்லி ஷெல்லுக்குள்ளேயே விடாது. க்ரப்பில் அதே ‘லினக்ஸ்’ வரியின் கடைசியில் ‘இனிட்=/பின்/பாஷ்’ சேர்த்து உள்ளே போய், ‘மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /’ கொடுத்த பிறகே எஃப்எஸ்டேப்பைத் திருத்த முடியும். முடிந்ததும் ‘சிங்க்’, பிறகு ‘ரீபூட் -எஃப்’. இஎஸ்பியில் இருந்த டெபியனின் க்ரப்பும் அழிந்திருக்கும் என்பதால் ‘க்ரப்-இன்ஸ்டால்’ மறுபடி தேவை.

கடைசியாக நெட்வொர்க்கிங் சர்வீஸ். இது உண்மையிலேயே ‘ஃபெயில்டு’ பட்டியலில் வரும். டெபியன் இன்ஸ்டாலர் நெட்வொர்க் கார்டின் பெயரை ‘இன்டர்ஃபேசஸ்’ கோப்பில் எழுதிவைக்கிறது. புதிதாக ஒரு என்விஎம்இ டிஸ்க்கோ கார்டோ செருகினால் பிசிஐ வரிசை நகர்ந்து, கார்டின் பெயரில் 3 இருந்த இடத்தில் 4 வரலாம். இல்லாத பெயருக்கு ‘ஆட்டோ’ வரி (பூட்டின்போதே இயக்கு என்பது) இருந்தால் சர்வீஸ் உடனே விழும். பெயர் சரியாக இருந்து கேபிள் மட்டும் இல்லையென்றால் 5 நிமிடம் வரை காக்கவைக்கும். டெஸ்க்டாப்பில் இணைப்புகளைத் தானே கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் இருக்கிறதென்றால், மெஷின் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் ‘எல்ஓ’ வரிகளை மட்டும் விட்டு மற்றதை நீக்கிவிடுவதே நல்லது. அந்தக் கோப்பில் பெயர் இருக்கும்வரை நெட்வொர்க்மேனேஜர் அந்தக் கார்டைத் தொடாது. ‘அன்மேனேஜ்டு’ என்று காட்டுவது அதனால்தான், டிரைவர் கோளாறு இல்லை.

ஏசிபிஐ பயாஸ் எரர் என்று சிவப்பில் வரும் வரிகளைத் துரத்தவேண்டாம். பெரும்பாலும் அது மதர்போர்டின் ஃபர்ம்வேர் எழுதிய லட்சணம். பயாஸ் அப்டேட் வந்தால் போகும். வராவிட்டாலும் எந்த சர்வீஸும் அதனால் நின்றதில்லை, என் மெஷினில் இன்னும் அது வந்துகொண்டுதான் இருக்கிறது.