2ஆம் எண் ராடோடு ரேபிடான் ஓடையில் ஆறு மாதம்

சின்ன வயதில் மூங்கில் குச்சி, தங்கூஸ் நரம்பு, மயிலிறகுத் தண்டில் தக்கை என்று வாய்க்காலில் கெண்டை பிடித்த கை இது. தக்கை அமுங்கியதும் வெடுக்கென்று சுண்ட வேண்டும். இப்போது பழகுவது ஃப்ளை ஃபிஷிங்: பொய்ப்பூச்சியை லைன் என்ற கனத்த கயிற்றின் நுனியில் கட்டி, ராடு என்ற வளையும் கோலால் வீசி மீன் பிடிப்பது. அந்தப் பழைய பழக்கம் விட்டுப்போகவே எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

வீடு வர்ஜீனியாவின் வடக்குப் பகுதியில். ஷெனன்டோவா தேசியப் பூங்காவுக்கு இரண்டு மணி நேரக் கார்ப் பயணம். ஸ்கைலைன் சாலையில் மைலம் கேப் என்ற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு மைல் இறங்கினால், மில் பிராங், லாரல் பிராங் என்ற இரண்டு ஓடைகள் கூடி ரேபிடான் ஆகும் இடம் வரும். 1929இல் அமெரிக்க ஜனாதிபதி ஹூவர் தன் மீன்பிடி முகாமைக் கட்டியது அங்கேதான். வாஷிங்டனிலிருந்து நூறு மைலுக்குள் இருக்க வேண்டும், கொசு வராத 2,500 அடி உயரம் வேண்டும், ட்ரவுட் என்ற குளிர்நீர் மீன் ஓடுகிற ஓடை வேண்டும் என்று கேட்டாராம். அந்த மீன் இன்றும் அங்கே இருக்கிறது. யாரும் கொண்டுவந்து விட்டதல்ல, அந்த மலைக்கே உரிய புரூக் ட்ரவுட். மாநில உரிமம் வேண்டும். ஒற்றை முள் வைத்த செயற்கை இரைக்கு மட்டும்தான் அனுமதி. பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும்.

நான் வாங்கியது ஏழடி நீளம், 2ஆம் எண் ராட். இந்த எண் ராடின் எடையைக் குறிப்பதல்ல, அதில் போடும் லைனின் எடையைக் குறிப்பது. முதல் 30 அடி லைன், 5ஆம் எண்ணில் 140 கிரெயின், சுமார் 9 கிராம். 2ஆம் எண்ணில் 80 கிரெயின், 5 கிராமுக்குச் சற்று மேல். நம்மூர்த் தூண்டிலில் ஈயக்குண்டு நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே பொய்ப்பூச்சிக்கு எடையே கிடையாது. லைனின் எடைதான் ராடை வளைத்து, வளைந்த ராடு அதை முன்னால் தள்ள வேண்டும்.

மார்ச்சில் முதல் நாள் நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஓடை குறுகல், தலைக்கு மேலே கிளை. பதினைந்து அடிக்கு மேல் வீச இடமில்லை. அதில் ஏழரை அடி லீடர் (லைனுக்கும் பூச்சிக்கும் நடுவே கட்டும் மெல்லிய நரம்பு) போக, ராடுக்கு வெளியே நிற்கும் லைன் ஏழரை அடிதான். அதன் எடை ஒரு கிராமைச் சுற்றித்தான் வரும். ராடு வளையவே இல்லை. நான் கையால் தள்ளத் தள்ள, லைன் சுருண்டு காலடியில் விழுந்தது. ஐந்து பூச்சிகள் மரத்தோடு போயின.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த மதுரைக்கார அண்ணனிடம் சொன்னேன். "தம்பி, அந்த ராடுல 3ஆம் எண் லைனைப் போட்டுப் பாருங்க. லீடரை ஆறடியா வெட்டிருங்க. அப்புறம், சுண்டாதீங்க. தூக்குங்க, போதும்" என்றார்.

லைனை மாற்றிய அன்றே வித்தியாசம் தெரிந்தது. மணிக்கட்டை லேசாக அசைத்தாலே ராடு பாதிவரை வளைந்து, லைன் நேராக நீண்டது. கிளை மிகவும் தாழ்ந்த இடங்களில் வில் வீச்சு கைகொடுத்தது. முள்ளின் வளைவை இரு விரலால் பிடித்து, ராடை வில்லாக இழுத்து, குறி பார்த்து விடுவது. விரல் முள் முனையில் படக்கூடாது, அவ்வளவுதான்.

மே இரண்டாம் வாரம், தண்ணீர் 13 டிகிரி. மீன் எதிர்நீச்சலில் தலைவைத்து நிற்கும் என்பதால் கீழிருந்து மேலே முழங்காலிட்டு நகர்ந்தேன். பாறைக்குப் பின்னால் நுரை சுழலும் இடத்தில், மிஸ்டர் ரேபிடான் என்ற பூச்சியை விட்டேன். இந்த ஓடையின் பேரிலேயே ஹாரி மர்ரி கட்டிய பூச்சி அது. இரண்டு விநாடிதான். தண்ணீர் மொக்கு வெடித்ததுபோல் விரிந்தது. ராடை மெல்லத் தூக்கினேன். பிடிவரை துடிப்பு வந்தது.

ஏழு அங்குலம். கையை நனைத்துக்கொண்டு தண்ணீரிலேயே ஏந்தினேன். முதுகில் புழு ஊர்ந்த தடம்போல் கோடுகள், பக்கவாட்டில் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளி, அடித்துடுப்பின் விளிம்பில் சுண்ணாம்பு வெள்ளை, அதை ஒட்டி ஒரு கருங்கோடு. முள்ளில் மீனைக் கழலவிடாத எதிர்முனை இல்லாததால் தானே கழன்றது. விரலிடுக்கில் ஒரு நொடி நின்று, போய்விட்டது. 5ஆம் எண் ராடாக இருந்திருந்தால் இந்த மீனின் கனமே கைக்குத் தெரிந்திருக்காது. பெரிய மீன் இருக்கும் ஆற்றுக்கு இதைக் கொண்டுபோகக் கூடாது என்பதும் என் எண்ணம். இழுத்து முடிப்பதற்குள் மீன் களைத்துச் செத்துவிடும்.

ஜூலைக் கடைசியில் ஒரு மதியம் வெப்பமானி 20 டிகிரி காட்டியது. அந்தச் சூட்டில் பிடித்து விட்டாலும் மீன் பிழைப்பது கஷ்டம். ராடைப் பொருத்தாமலே திரும்பினேன்.

செப்டம்பர் வரை 31 மீன். பெரியது ஒன்பது அங்குலம். அக்டோபரில் அவை கூழாங்கல்லுக்குள் முட்டையிடத் தொடங்கும். மிதித்துவிடக் கூடாதென்று ஓடையில் இறங்குவதை நிறுத்திவிட்டேன். இப்போது மாலைகளில் 14ஆம் எண் முள்ளில் பூச்சி கட்டிப் பழகுகிறேன். மார்ச்சில் லீடரை ஐந்தடியாக்கிப் பார்க்க வேண்டும்.