லைட் கர்ட்டனுக்கே ஸ்டார்ட்டும் கொடுக்கலாமா?

தகட்ட அடிச்சு வடிவம் கொடுக்குற பிரஸ்ல லைட் கர்ட்டன் (ஒளிக்கதிர் வரிசையால ஆன காவல், கை குறுக்க வந்தா மெஷின நிறுத்தும்) மாட்டின மறுவாரமே ப்ரொடக்‌ஷன்லேர்ந்து ஒரு கேள்வி வரும், "கை வெளிய வந்தது அதுக்குத்தான் தெரியுதே, அப்புறம் எதுக்கு ரெண்டு கையாலயும் பட்டன் அமுக்கணும், தானா அடிக்க வேண்டியதுதானே". கேக்குறது நியாயம்தாங்க. ஷிஃப்ட் பூரா அந்த ரெண்டு பட்டனையும் அமுக்குறவரோட தோள்பட்டைய கேட்டா தெரியும். பீம, அதாவது அந்த ஒளிக்கதிர விட்டு கை விலகினா ஸ்டார்ட், பிஎல்சில (மெஷின ஓட்டுற கன்ட்ரோலர்) ஒரு வரி, முடிஞ்சுதுன்னு தோணும். அந்த ஒரு வரிலதான் வில்லங்கமே இருக்கு.

சாதாரண காவலா இருக்கும்போது கை குறுக்க போனா கர்ட்டனோட அவுட்புட் சிக்னல் ரெண்டும் ஆஃப் ஆகும், ராம் (இறங்கி அடிக்கிற பாகம்) நிக்கும், கைய எடுத்தா ஒண்ணும் நடக்காது, யாராவது பட்டன தட்டினாத்தான் ஓடும். பீம்ல எதுவும் இல்லன்னா "ஓடலாம்"னு அர்த்தமே தவிர "ஓடு"ன்னு இல்ல. ஸ்டார்ட்டையும் அதுக்கே கொடுத்துட்டா அனுமதியே உத்தரவு ஆயிடுது. லைட் கர்ட்டனுக்கு தெரியிறது தன் முன்னாடி இருக்குற அந்த மெல்லிசான தளத்துல ஏதாவது குறுக்க இருக்கா இல்லையாங்கிறது மட்டும்தான், அத தாண்டி உள்ள போய் டை (பீஸுக்கு வடிவம் கொடுக்குற அச்சு) பக்கத்துல நிக்கிற ஆள் அதோட கணக்குல கிடையவே கிடையாது. பட்டன் இருந்தப்போ அத ஒரு மனுஷன் பார்த்துட்டு தட்டினாரு, இப்போ அந்த கண்ணும் போச்சு.

அதனாலதான் மெக்கானிக்கல் பிரஸ்ஸுக்கான ஐரோப்பிய ஸ்டாண்டர்டு ஈஎன் 692 இந்த தானா ஸ்டார்ட் ஆகுற மோடுக்கு மெஷினோட சைஸையே கட்டிப் போட்டுச்சு: டேபிள் உயரம் 750 மிமீக்கு கம்மியா இருக்கக்கூடாது, ஆழம் 1000 மிமீ தாண்டக்கூடாது, ஸ்ட்ரோக் 600 மிமீக்கு மேல போகக்கூடாது. ஆள் முழுசா உள்ள நுழையவே முடியாத மெஷினா இருக்கணும், அவ்ளோதான் அதோட சாரம். பக்கத்துலயும் பின்னாடியும் தடுப்பு போட்டு அடைச்சிருக்கணும். ஒண்ணுக்கு மேல லைட் கர்ட்டன் இருந்தா ஸ்டார்ட் பண்ற உரிமை ஒண்ணுக்கு மட்டும்தான், மத்ததெல்லாம் நிறுத்த மட்டும்.

இதுல சிங்கிள் பிரேக், டபுள் பிரேக்னு ரெண்டு விதம் இருக்கு, இங்க பிரேக்னா கை ஒரு தடவை பீம மறைச்சு விடுறது. டபுள்னா, அடிச்ச பீஸ எடுக்க கை போய் வருது, அது ஒண்ணு, புது பீஸ வைக்க போய் வருது, அது ரெண்டு, ரெண்டாவது தடவை கை வெளிய வந்ததும் ராம் இறங்கும். இப்போ பீஸ் கொஞ்சம் கோணலா உக்காந்திருக்குன்னு வெச்சுக்கோங்க. ஆபரேட்டர் கைய எடுத்துட்டாரு, கோணல பார்க்குறாரு, தட்டிவிடலாம்னு திரும்ப கைய விடுறாரு, ராம் ஏற்கனவே கிளம்பியாச்சு. அந்த நொடில அவர் விரல காப்பாத்துறது பீமும் இல்ல லாஜிக்கும் இல்ல, லைட் கர்ட்டனுக்கும் டைக்கும் நடுவுல விட்ட தூரம்தான்.

அந்த தூரத்துக்கு ஐஎஸ்ஓ 13855ங்கிற ஸ்டாண்டர்டுல கணக்கு இருக்கு. கை நொடிக்கு 2000 மிமீ வேகத்துல வருதுன்னு எடுத்துக்கிட்டு மொத்தமா நிக்கிற நேரத்தால பெருக்கணும், அதோட ரெசல்யூஷனுக்கு (கர்ட்டன் கண்டுபிடிக்கிற மிகச் சின்ன பொருளோட அளவு) ஏத்த மாதிரி கொஞ்சம் கூட்டணும். மெஷின் நிக்க 120 மில்லிசெகண்ட், கர்ட்டனுக்கு 20ன்னா 280 மிமீ, 30 மிமீ ரெசல்யூஷனுக்கு இன்னொரு 128, ஆக 408. ஆறு மாசத்துல பிரேக் லைனிங் தேஞ்சு அந்த 140 வந்து 200 ஆச்சுன்னா? தேவையான தூரம் குறைஞ்சது 500 மிமீ ஆயிடுது, ஆனா கர்ட்டன் மாட்டின இடத்துலயேதான் இருக்கும், அதுபாட்டுக்கு பச்சை லைட் காட்டிட்டு இருக்கும். என்ன கேட்டா ஸ்டாப் டைம் மானிட்டர் (நிக்க ஆகுற நேரத்த கவனிச்சுட்டே இருக்குற அமைப்பு) இல்லாத பிரஸ்ல இந்த மோட தொடவே கூடாது. கணக்குல எவ்ளோ சின்ன நம்பர் வந்தாலும், ஸ்டார்ட் பண்ற கர்ட்டன 150 மிமீக்கு கிட்ட கொண்டு வரவும் முடியாது.

டைம் விண்டோவும் வேணும். ஈஎன் 692 சொன்னது அதிகபட்சம் 30 செகண்ட், அதுக்குள்ள கை வந்து போகலன்னா கையால ரீசெட் பண்ணாத்தான் திரும்ப ஓடும். டீ குடிக்க போனவர் வந்து டேபிள துணியால துடைக்கும்போது மெஷின் அத ஒரு சைக்கிள்னு எண்ணிடக்கூடாதுல்ல.

ஃபுல் ரெவல்யூஷன் கிளட்ச் பிரஸ்ல இந்த பேச்சே வேண்டாம், ஒரு தடவை பிடிச்சா முழு சுத்து சுத்தாம நிக்காது. அமெரிக்காவுல தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1988லயே பகுதி சுத்துல நிறுத்தக்கூடிய பிரஸ்ஸுக்கு இத அனுமதிச்சுது, ஆனா வெளி அமைப்பு ஒண்ணு சரிபார்த்து சான்று தரணும்னு நிபந்தனை போட்டாங்க, அந்த வேலைய எடுத்துக்க யாரும் முன்வரல, விதி பேப்பர்லயே தங்கிடுச்சு.

இன்னொண்ணு, பல இடத்துல உண்மையான புகார் ரெண்டு கை பட்டன் மேலதான், தானா ஓடலங்கிறது மேல இல்ல. விரல காக்குற வேலைய கர்ட்டன் சரியா செய்யுதுன்னா, தூரமும் சரியா இருக்குன்னா, ஸ்டார்ட்டுக்கு ரெண்டு கை தேவையே இல்ல, லேசா தொட்டா போதுங்கிற ஒரு டச் பட்டனோ மூடி போட்ட ஃபுட் பெடலோ போதும். முதல்ல அத மாத்திக் கொடுத்து பாருங்க, அப்புறமும் யாராவது ஆட்டோ ஸ்டார்ட் வேணும்னு கேட்டா டேபிள் ஆழத்த அளக்க டேப்ப எடுத்துட்டு போங்க.