டக் என்று ஒரு சத்தம்

பிப்ரவரி 8, ஞாயிறு

முதலாளியோடு காலையிலேயே வசூலுக்குக் கிளம்பினேன். சிகாகோவில் மூன்று பார்கள். பின்பால் மெஷின் எங்களுடையது, இடம் கடைக்காரருடையது, விழுகிற காசில் பாதிப் பாதி. கண்ணாடிக்குக் கீழே சாய்வான பலகையில் உருளும் பந்தை, ஃபிளிப்பர் என்ற துடுப்புகளால் அடித்து ஆடுவதுதான் பின்பால். மூன்றாவது கடையில் குவார்ட்டர்களை, அதாவது கால் டாலர் காசுகளை, எண்ணிக்கொண்டிருந்தபோதே கடைக்காரர் பிடித்துக்கொண்டார். “ஒரே ஒருத்தர் ஒரு டாலரைப் போட்டுவிட்டு ராத்திரி முழுக்க ஓசியில் ஆடுகிறார். அந்த ரீப்ளேயை எடுத்துவிடுங்கள்.” குறிப்பிட்ட ஸ்கோரைத் தொட்டால் மெஷின் தரும் இலவச ஆட்டம்தான் ரீப்ளே.

முதலாளி வாயே திறக்கவில்லை. வண்டியில் ஏறிய பிறகுதான், “நீ போய்ப் பார். பார்த்துவிட்டு என்ன செய்யலாம் என்று சொல்” என்றார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

அங்கே நிற்பது ஆடம்ஸ் ஃபேமிலி. 1992-இல் பேட் லாலர் வடிவமைப்பில் வந்து 20,270 விற்ற மெஷின். காசுக் கதவைத் திறந்தால் உள்ளே நான்கு பொத்தான்கள். அவற்றை அழுத்தினால் மெஷின் தன் கணக்கையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டும்: எத்தனை ஆட்டம், ஒரு பந்து சராசரியாக எத்தனை விநாடி நின்றது, நூற்றுக்கு எத்தனை ஆட்டம் இலவசமாகப் போனது.

கோளாறு அங்கேயே தெரிந்துவிட்டது. இந்த வகை மெஷினில் ரீப்ளே ஸ்கோரை இரண்டு விதமாக வைக்கலாம். ஒன்று, நாமே ஓர் எண்ணைப் போட்டு நிறுத்திவிடுவது. இன்னொன்று, நூற்றுக்குப் பத்து என்பதுபோல ஒரு விகிதத்தை மட்டும் சொல்லிவிட்டு மெஷினிடமே விட்டுவிடுவது. கடையில் கெட்டிக்காரர்கள் கூடினால் அது ஸ்கோரை ஏற்றும், புதியவர்கள் வந்தால் இறக்கும். 1986-இல் வில்லியம்ஸ் கம்பெனியின் ஹை ஸ்பீட் மெஷினில் வந்த ஏற்பாடு இது. இங்கே யாரோ அதை அணைத்துவிட்டு, குறைந்த ஒரு ஸ்கோரை நிரந்தரமாக வைத்திருக்கிறார்கள். நன்றாக ஆடுகிறவருக்கு அது எந்த நாளும் கைக்கெட்டும் உயரம்தான். ஆடுகிறவர்மேல் என்ன தப்பு?

விகிதத்தைப் பத்தில் வைத்தேன். ‘ரீப்ளே பூஸ்ட்’டையும் போட்டேன். அதாவது, ஒருமுறை ஜெயித்தால் உடனே அடுத்த ஆட்டத்துக்கு இலக்கு கொஞ்சம் உயரும்.

பிப்ரவரி 11, புதன்

கடைக்காரரின் கோபத்துக்குப் பின்னால் பழைய கதை ஒன்று உண்டு என்றார் முதலாளி. அந்தக் காலத்தில் சேர்ந்த இலவச ஆட்டங்களுக்குப் பார்க்காரரே கையில் காசு கொடுத்துவிட்டு, ஒரு பொத்தானை அழுத்திக் கிரெடிட்டை அழித்துவிடுவாராம். அப்படிச் செய்தால் அது சூதாட்டமேதான். நியூயார்க் 1942-இல் பின்பாலைத் தடைசெய்தது. 1976-இல் ரோஜர் ஷார்ப் என்ற பின்பால் ஆட்டக்காரர் நகர மன்றத்தார் முன்னால் ஆடிக்காட்டி, இது திறமை என்று நிரூபித்த பிறகே தடை விலகியது. மெஷின்கள் பிறந்த இந்தச் சிகாகோவிலேயே பல காலம் தடை இருந்தது. இலவச ஆட்டத்தையே சட்டம் பரிசாகப் பார்த்த ஊர்களுக்காக, காட்லீப் கம்பெனி 1960-இல் ‘ஃபிளிப்பர்’ என்ற மெஷினைக் கொண்டுவந்தது. அதில் ஜெயித்தால் புது ஆட்டம் கிடையாது, அதே ஆட்டத்தில் இன்னொரு பந்து.

பிப்ரவரி 14, சனி

ராத்திரி பத்தரை வரை பாரில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். எட்டரை மணி வரை மெஷின் பக்கம் ஒருவரும் வரவில்லை. பிறகு கடைக்காரர் சொன்ன அந்த மனிதர் வந்தார். இரண்டாவது ஆட்டத்தில் இலக்கைத் தாண்டினார்.

டக்!

அந்தச் சத்தம் ஸ்பீக்கரில் வருவதில்லை. பெட்டிக்குள் ஒரு சுருள், அதன் நடுவே ஓர் இரும்புக் கம்பி. மின்சாரம் பாய்ந்ததும் கம்பி எகிறிப்போய் மோதும், மரப்பெட்டி முழுக்க அதிரும். நாக்கர் என்பார்கள். பில்லியர்ட்ஸ் மேசையில் குனிந்திருந்த இருவர் நிமிர்ந்தார்கள். ஒரு பெண் கையில் கோப்பையோடு எழுந்து வந்து கண்ணாடிக்குள் எட்டிப்பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி விளிம்பில் அவளுடைய குவார்ட்டர்கள் நான்கு வரிசையாக இருந்தன. அடுத்த முறை என்னுடையது என்று அர்த்தம்.

இலவச ஆட்டத்தால் நஷ்டம் வருவது, பின்னால் ஒருவர் காசோடு காத்திருக்கும்போது மட்டும்தான். காலியாக நிற்கும் மெஷினில் ஒருவர் ஓசியில் ஆடினால் நமக்குப் போவது கொஞ்சம் மின்சாரமும் ரப்பர் தேய்மானமும். அவர் நிற்பதால்தான் அடுத்தவர் வருகிறார். ஆள் காத்திருக்கும் வேளையில் ஆட்டம் நீள்கிறதென்றால் அதற்கு வேறு வழி உண்டு. பலகை ஓரத்தில் பந்து நழுவி விழும் சந்தின் ரப்பர் கம்பத்தை ஒரு துளை தள்ளி மாட்டினால் சந்து அகலும், பந்து சீக்கிரம் விழும். சாய்வைக் கொஞ்சம் கூட்டலாம். ஆறரை டிகிரி வழக்கம்.

என்னைக் கேட்டால், முதலில் துடைக்க வேண்டும். இந்த மெஷினின் பலகையில் கருப்புத் தூள் அப்பியிருந்தது, இடது ஃபிளிப்பருக்கு உயிரே இல்லை. பந்தை மேலே ஏற்ற முடியாத மெஷினில் யார் இரண்டாவது டாலரைப் போடுவார்கள்?

பிப்ரவரி 17, செவ்வாய்

ஃபிளிப்பரைப் பிரித்துத் தேய்ந்த பாகங்களை மாற்றினேன். ரப்பர் எல்லாம் புதிது, பந்துகளும் புதிது. மூன்று மணி நேரம் ஆனது. முதுகு வலி.

பிப்ரவரி 22, ஞாயிறு

வசூல். பெட்டி முன்னைவிடக் கனமாக இருந்தது. ஒரு வாரத்தை வைத்து எதுவும் சொல்லக் கூடாது என்றார் முதலாளி. சரிதான். இலக்கு ஏறியிருக்கிறது. அந்த மனிதர் இப்போதும் ஜெயிக்கிறார், ஆனால் இடையிடையே காசும் போடுகிறார். கடைக்காரர் ரீப்ளேயைப் பற்றிப் பேசவே இல்லை. பாதியை வாங்கிக்கொண்டு, கண்ணாடியில் விழும் விளக்கு வெளிச்சத்தைக் குறைக்க முடியுமா என்று மட்டும் கேட்டார்.

திரும்பும் வழியில் ஒரு சலவைக் கடை மெஷினைப் பார்த்தோம். சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று யாரோ நாக்கரின் வயரைக் கழற்றிவிட்டிருந்தார்கள். முதலாளி டார்ச் பிடித்தார், நான் மாட்டினேன். சோதனைப் பொத்தானை அழுத்தினேன். துணி மடித்துக்கொண்டிருந்த பாட்டி திரும்பிப் பார்த்தார்.