மணவாளக்குறிச்சி மண்ணும் மாமாவின் சிறுநீரகமும்

எங்கள் குமரி மாவட்டத்தில் யாருக்கேனும் புற்றுநோய் என்று தெரிந்தால், பேச்சு உடனே மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலுக்குப் போய்விடும். அந்த மணலில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த மோனசைட் கனிமம் இருப்பதும், அங்கே இயற்கைக் கதிர்வீச்சு கூடுதல் என்பதும் உண்மைதான். ஆனால் அதே போன்ற மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அக்கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. சிறுநீரகப் புற்றுநோய்க்கு மருத்துவம் உறுதியாகச் சுட்டும் காரணங்களோ மணலில் இல்லை. நம் வீடுகளுக்குள் இருக்கின்றன.

புகைபிடித்தல், உடல் பருமன், உயர் இரத்த அழுத்தம் ஆகிய மூன்றும் முதன்மையானவை. நெடுங்காலம் டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கும், நெருங்கிய இரத்த உறவில் யாருக்கேனும் இந்நோய் வந்திருந்தால் அவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். பெண்களைவிட ஆண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு வருகிறது. பீடியை நாம் நுரையீரலோடு மட்டுமே சேர்த்துப் பேசுகிறோம், ஆனால் அதன் நச்சு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தின் வழியாகவும்தான் வெளியேறுகிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரையும் தருகிறார்கள். தலைசுற்றல் இல்லையே என்று அதை அலமாரியில் போட்டுவைப்போர் எங்கள் தெருவிலேயே உண்டு.

திங்கள்சந்தையில் இருக்கும் என் மாமாவுக்குச் சிறுநீர் கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனது. வலி சிறிதும் இல்லை. “வெயிலுல நின்ன சூடாக்கும் மக்கா” என்று இளநீர் குடித்தார். நிறம் தெளிந்ததும் பெருமையெல்லாம் இளநீருக்கே போயிற்று. உண்மையில் அந்த நிறம் இரத்தத்தால் வந்தது. சிறுநீரகக் கட்டியிலிருந்து வரும் இரத்தம் இப்படித்தான் விட்டுவிட்டு வரும், தானாக நிற்கும். கல்லடைப்பு என்றால் பெரும்பாலும் வலி துடிக்க வைத்துவிடும். வலியில்லாத இரத்தத்தைத்தான் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டும். இரத்தம், விலாவலி, கைக்குத் தட்டுப்படும் கட்டி மூன்றும் சேர்ந்து தெரிவது பத்தில் ஒருவருக்கு இருந்தாலே அதிகம். பலருக்கு வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில்தான் நோய் வெளிப்படுகிறது, மாமாவுக்கும் அப்படியே ஆயிற்று.

நான்கு சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டியாக இருந்தால் பெரும்பாலும் அதை மட்டும் வெட்டியெடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றிவிட முடியும். மாமாவுக்கு அது வளர்ந்துவிட்டதால் ஒரு பக்கச் சிறுநீரகத்தை முழுவதுமாக அகற்ற வேண்டியதாயிற்று. ஒன்றை வைத்துக்கொண்டும் நன்றாக வாழலாம்; ஆனால் மிச்சமுள்ளதைக் காக்க, முன்பு தட்டிக்கழித்த பிரஷர் மாத்திரையை இப்போது தவறாமல் விழுங்கியாக வேண்டும், இந்நோய் நுரையீரலுக்குப் பரவக்கூடியது என்பதால் நெஞ்சு ஸ்கேனும் அவ்வப்போது எடுத்தாக வேண்டும்.