பாத்துப் போப்பா

"அண்ணா, 6 மைல் தூரம் தெரியுதுன்னு காட்டுது. கிளம்பட்டுமா?" என்று போனில் கேட்டான், என்னிடம் விமானம் ஓட்டப் படித்த பையன். "பாத்துப் போப்பா" என்றேன். அவ்வளவுதான் பேச்சு, அரை நிமிடம்கூட இருக்காது.

விபத்தை விசாரிக்க வந்தவரிடம் 'கவனமாக இருக்கச் சொன்னேன்' என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பொய்யில்லை. ஆனால் அந்தப் 'போ' மொழிபெயர்ப்பில் விழுந்துவிட்டது. தானாக விழுந்ததா, நானே விட்டேனா?

சட்டப்படி என்மேல் எதுவும் இல்லை. லைசென்ஸ் அவனுடையது, முடிவும் பைலட்டுடையது. அமெரிக்காவில் இரவில் வெளியே பார்த்துப் பறக்க 3 மைல் தெரிந்தால் போதும். அவனுக்கு 6 இருந்தது. அப்புறம்தான் பார்த்தேன், அந்த நேரத்து வெப்பநிலை 14, பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் மூடுபனியாகத் தொடங்கும் வெப்பநிலை, 12. இரவு குளிரக் குளிர அந்த 2 டிகிரி என்ன ஆகும் என்று அவனுக்குப் பாடம் நடத்தியவன் நான். போனில் அதைக் கேட்கவில்லை. தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. காரணமாகச் சொல்லவில்லை, இருந்தது என்று சொல்கிறேன்.

மேகத்துக்குள் மாட்டி, ஓடுபாதைக்கு முன்னாலேயே சோயா வயலில் விழுந்தான். தோள் எலும்பு முறிந்ததோடு போயிற்று. "நேராத்தான் போறேன்னு சத்தியமா நினைச்சேண்ணா" என்றான். நினைத்திருப்பான். மெதுவாகத் திரும்பினால் உள்காதுக்குத் தெரியாது. 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கப் பழகாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி வைத்துச் சோதித்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 விநாடியில். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எழுதிக்கொள்வார்கள். அவனும் எழுதியிருக்கிறான். மேகத்துக்குள் எதைப் பார்த்துப் போவது?

1999 ஜூலையில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் கென்னடி ஜூனியர், தானே ஓட்டிய விமானத்தோடு மார்த்தாஸ் வினியார்ட் தீவு அருகே கடலில் விழுந்த இரவும் சட்டப்படி பறக்கக்கூடிய இரவுதான். மங்கலான வானம், கீழே இருட்டுக் கடல். கூட வரட்டுமா என்று ஒரு பயிற்சியாளர் கேட்டிருக்கிறார். தனியாகவே போகிறேன் என்று சொல்லிவிட்டார். அந்தப் பயிற்சியாளராவது கேட்டார். என் வீட்டிலிருந்து ஓடுதளம் பத்து நிமிடம். நான் கேட்டிருந்தாலும் இவன் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பான். சொல்லியிருப்பான் என்றுதான் நினைக்கிறேன்.

போன மாதம் ஊரிலிருந்து அவன் அம்மா பேசினார். "நீங்க அன்னிக்கே பாத்துப் போன்னு சொன்னீங்களாமே தம்பி. இவன்தான் கேக்கல."

"ஆமாம்மா" என்றேன்.